ஆலங்கட்டி விழுந்த கொத்தமல்லிப் பாத்தி

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது தெரியவே இல்லை. பக்கத்து ஃப்ளாட்டுப் பெண் ஓடிவந்து கதவைத் தட்டி, "ஆன்ட்டி, உங்க வீட்ல ஏதோ கருகுது" என்றாள். அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துக்கொண்டிருந்தது. நான் நாலடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் போனபிறகு காப்பிப்பொடி, ஓமம், பெருங்காயம் என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பெருங்காய டப்பாவுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்ற கோலத்தை யாரும் பார்க்காதது என் அதிர்ஷ்டம்.

கொஞ்ச நாளில் மூக்கு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அது இல்லாமலிருந்த நாட்களில் எனக்கு அண்ணன் நினைப்பாகவே இருந்தது.

அண்ணன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசி அது. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து, முடி உதிர்வதற்கு ஒரு மருந்து போட்டு, புரட்டிப் புரட்டி எடுக்கிற வேலை. அந்த மருந்தின் நெடி அழுகிய முட்டை மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஆம்பூருக்குள் நுழையும்போதே முந்தானையையும் கைக்குட்டையையும் தேடுவார்கள். எங்களுக்கு அது வீட்டுக்கூரை மாதிரி. இருப்பதே தெரியாது. அண்ணனுக்கோ அந்த நெடி மட்டுமல்ல, எல்லா வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இருமலும் சேர்ந்துகொண்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி வைத்த மீன் குழம்பை எப்போதும் போல "ஜோரா கீது" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது குழந்தை மண்ணெண்ணெய் டின்னைத் தள்ளிவிட்டது. அண்ணன் அதே அறையில் பாயில் படுத்திருந்தார். எண்ணெய் பாயடியில் ஓடிப் பரவி, எரிகிற ஸ்டவ்வுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. அண்ணி வாசலிலேயே குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். "வீடு பூரா கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது, உனுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அண்ணன் உண்மையைச் சொன்னார். அதன்பிறகு குழந்தையோடு தனியாக இருக்கவே பயந்தார்.

டாக்டர், "முதல்ல அந்த இடத்தை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி இருங்க, குளிர்ச்சியான ஊரா பாருங்க, இருமல் அடங்கும்" என்றார். மூக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "வந்தாலும் வரலாம்" என்றார். நான் அப்போது ஏலகிரி மலையில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு, பின்னால் காலி நிலம், ஒரு கிணறு. பொங்கல் முடிந்த கையோடு அண்ணன் ஒரு துணிப்பையும் கம்பளியுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். பங்குனி முடிய லீவு தந்திருந்தார்கள்.

வசந்தகாலம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர, ஆம்பூரில் பிறந்த எனக்கு அப்படி ஒன்று உண்டு என்பதில் நம்பிக்கை இல்லை. எங்களுக்குப் பொங்கல் முடிந்தால் வெயில். மலையிலோ மாசிக் காலையில் மூச்சு புகையாக வரும். ஓட்டிலிருந்து பனி சொட்டும். ஒன்பது மணிக்கு மேல் இளவெயில் வந்து முதுகைத் தொடும். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத அண்ணன் அந்த வெயிலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

விதை கொடுத்தது அவருடைய தோஸ்த் கரீம் பாய். அதே டேனரிக்காரர். பெங்களூருக்குப் போனவர் படம் போட்ட பொட்டலங்களாக வாங்கி வந்து கொடுத்திருந்தார். கோஸ், பட்டாணி, கேரட், முள்ளங்கி. கொத்தமல்லி மட்டும் என் அஞ்சறைப்பெட்டியிலிருந்து. அண்ணன் அதைச் செருப்பால் தேய்த்து உடைத்துத் தூவினார். பக்கத்து நிலத்துக் கோவிந்தம்மா வேலியோரம் நின்று பார்த்தாள். "இதெல்லாம் இங்க வெளையும்னா நாங்க இன்னாத்துக்கு டீச்சர் சாமையத் தின்னுக்கினு இருக்கோம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போனவள் சாயங்காலம் ஒரு கூடை ஆட்டுப்புழுக்கையைக் கொண்டுவந்து கொட்டினாள்.

விதை முளைப்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவள் நான். ஆனால் பட்டாணி போட்ட மறுநாளிலிருந்தே மண்ணைக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தேன். "பாப்பா, அது ஸ்கூல் பசங்க நோட்டா? தினம் தொறந்து பாக்கறியே" என்றார் அண்ணன். அதற்கு மறுவாரம் ஒரு காலையில் மண் தானாகவே வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு பச்சை. தன்னைவிட எத்தனையோ மடங்கு கனமான மண்கட்டியை ஒரு முளை தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடத்து மணி அடித்த பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

அண்ணனைப் பிரமிக்க வைத்தது கோஸ்தான். விரிந்து கிடந்த இலைகள் ஒருநாள் நடுவில் கூட ஆரம்பித்தன. அப்புறம் உள்ளே ஒரு இலை, அதைச் சுற்றி ஒன்று, அதற்குமேல் ஒன்று. விடிந்ததும் அதன் எதிரே போய் உட்கார்ந்துவிடுவார். இலைக்குழியில் நிற்கும் பனித்தண்ணீரை விரலால் தொட்டுப் பார்ப்பார். அவருடைய விரல்கள் சுண்ணாம்பில் ஊறி, நுனியெல்லாம் வெளுத்து வெடித்தவை. ஒருநாள் நான் டம்ளரில் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது தலை நிமிராமலே சொன்னார்: "நான் ஜென்மம் பூரா தோலை உரிச்சிக்கினே இருந்தேன். இது பாரு, யாரும் சொல்லாம தனுக்குத் தானே தோல் போட்டுக்கினு கீது."

இருமல் அடங்கியது. மூக்கு மட்டும் வரவில்லை. கொத்தமல்லி அடர்ந்து வளர்ந்திருந்தது. அதில் ஒரு கொத்தைக் கிள்ளி, கசக்கி, மூக்கோரம் வைத்துப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அவர் அதைக் கீழே போட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விடுவார்.

லீவு முடிகிற வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் குழந்தையும் வருவதாக இருந்தது. தோட்டத்தைக் காட்டி, கோஸை அண்ணி கையாலேயே அறுக்க வைத்து, அப்படியே மூன்று பேருமாக இறங்கிப் போவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் வானம் ஒரேயடியாக இருட்டியது. முதலில் ஓட்டில் ஒரு சத்தம், யாரோ கல்லெறிந்த மாதிரி. அப்புறம் வரிசையாக. ஆலங்கட்டி மழை. எலுமிச்சம்பழம் அளவுக்குக் கூட விழுந்தது. அண்ணன் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கோஸை மூட ஓடினார். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டாணிக் கொடிகள் குச்சியோடு சாய்ந்தன. கோஸ் இலைகள் கிழிந்து தொங்கின. கொஞ்ச நேரம்தான். பிறகு பட்டென்று நின்று, வெயில் கூட வந்துவிட்டது. தோட்டம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

அண்ணன் வெறுங்காலோடு இறங்கிப் போனார். கோஸ் பக்கம் நடந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. "அண்ணா" என்றேன். திரும்பவில்லை. கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, மெதுவாக மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"பாப்பா," என்றார். "கொத்தமல்லி."

அந்தப் பாத்தி முழுவதும் ஆலங்கட்டியில் நசுங்கி, பச்சைக்கூழாகக் கிடந்தது. அந்த மணம் ஈரக் காற்றில் அப்படியே எழும்பி நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு கொத்தமல்லி வாசனையை ஒரே இடத்தில் நான் அறிந்ததில்லை. அண்ணன் அந்தச் சேற்றில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டார். பிறகு மண்ணை எடுத்து மோந்தார். உடைந்த முள்ளங்கியை மோந்தார். வேலிக்கு அந்தப்பக்கம் தன் சாமைப் போருக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்க வந்த கோவிந்தம்மா, "ஐயோ, எல்லாம் போச்சேன்னு ஆளுக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சா டீச்சர்?" என்றாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெட்ட காற்றை விட்டு விலகி இருந்ததில் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியிருக்கும், அந்தப் பெரிய வாசனை வந்தபோதுதான் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு டாக்டர் விளக்கினார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் பார்த்தது அதுவல்ல.

மறுநாள் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் குழந்தையை வாங்கி அதன் உச்சந்தலையில் மூக்கைப் பதித்தார். ரொம்ப நேரம் முகத்தை எடுக்கவே இல்லை. பாழாகிக் கிடந்த தோட்டத்தை அண்ணி பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"நான் இனி அந்தத் தொட்டிக்குப் போக மாட்டேன்" என்றார் அண்ணன்.

"அப்புறம் சோத்துக்கு?"

"தெரியல."

கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் வீடு அது. அண்ணி முந்தானையால் குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "சரி, அத்த நாளைக்கு யோசிப்போம். இன்னைக்கு நீ மோந்துக்கினே இரு" என்றாள். கிழிந்த இலைகளை உரித்துப் போட்டால் உள்ளே கோஸ் கெடாமல்தான் இருந்தது. அன்றைக்கு அண்ணி அதைப் பொரியல் செய்தாள்.

அண்ணன் சொன்னபடியே தொட்டிப்பக்கம் போகவில்லை. சில மாதங்கள் பேஜாராகத்தான் ஓடின. அப்புறம் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தார். சம்பளம் கம்மி. அதிலேயே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார். பேரப்பிள்ளைகளைத் தூக்கினால் முதலில் உச்சந்தலையைத்தான் மோப்பார். அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. கரீம் பாயும் இல்லை. அண்ணி மகளோடு இருக்கிறாள்.

இந்த மாசியில் ஏலகிரிக்கு ஒருநாள் போனேன். அந்த ஓட்டு வீடு இல்லை. அங்கே மாடிகள் வைத்த லாட்ஜ் ஒன்று நிற்கிறது. கிணற்றை மூடிவிட்டார்கள். கோவிந்தம்மாவின் சாமை நிலத்தில் கல் நட்டு, ப்ளாட் போட்டிருக்கிறார்கள். உச்சி வெயிலில் நடந்து வந்த களைப்பில் அந்த லாட்ஜுக்குள்ளேயே போய் ரூம் கேட்டேன். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்:

"ஏசியா மேடம், நான்-ஏசியா?"

அண்ணன் கம்பளியோடு வந்து இறங்கிய மலையில் என் ஜாக்கெட் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏசியே கொடும்மா என்றேன்.