எலுமிச்சையைப் பிழிந்த கை

செத்துப்போனவரைப் பற்றிப் பேசினால் நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கிறவர் முகம் கொடுக்கமாட்டார் என்பது சின்னவளின் நம்பிக்கை. அதனால் அக்கா புருஷனைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வாள். கட்டினவன் கைவிட, ஒற்றைப் பையோடு அவள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மின்விசிறி இருந்த ஒரே அறையிலிருந்து தன் கட்டிலை இழுத்து நடைவழியில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், “உள்ள ஒரே புழுக்கம்” என்றார்.

நல்லது அத்தோடு முடிந்தது.

தெருவில் அவருக்குக் ‘கப்பல்’ என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான்; அவரோ அதைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்துவார். மத்தியதரைக் கடல் கப்பலில் பல வருஷம் சமையல் பார்த்ததாகச் சொல்வார். பார்த்தது என்னவோ உண்மை. சமைத்தது வேறு ஆட்கள். இவர் துவைத்துப் போட்டது படுக்கை விரிப்பு.

கரைக்கு வந்த பிறகு அதுவும் இல்லை. அக்காதான் வீட்டில் சமைத்து நாலைந்து பேருக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்து அச்சகத்து மேலாளர், ஆட்கள் அத்தனை பேருக்கும் தினமும் சாப்பாடு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து ருசி பார்த்துச் சொல்கிறேன் என்றார். அது கிடைத்தால் வீடு நிமிர்ந்துவிடும்.

“கோழிய நீ பண்ணு. பக்கத்துல வைக்கிற உருளைக்கிழங்கு என்னோடது” என்று அக்காவிடம் சொன்னார் கப்பல்.

“அக்காவே பண்ணிடட்டுமே அத்தான்” என்றாள், கூலிக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சின்னவள்.

“சட்டைக்குப் பொத்தான் தைக்கிறவளுக்கு என்னடி தெரியும்? இது கடக்கரைச் சாப்பாடு.”

மருந்துக் கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். மேலே ஒட்டியிருந்த தாளில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

“இது பச்சப்புள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய் அத்தான்!”

“எங்க போறோம்னு எண்ணெய்க்குத் தெரியுமா?”

பச்சைக் கிழங்கை நீளநீளமாக நறுக்கித் தட்டில் பரப்பினார். எண்ணெய், தட்டிய பூண்டு, பீட்சாவோடு வந்த பொட்டலங்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த காய்ந்த இலை. பிறகு அறுத்த எலுமிச்சையைக் கையில் எடுத்தவர், ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே இருந்த பழத்தையெல்லாம் பிழிந்து கொட்டி, ஓவனில் தள்ளினார்.

மேல்தோல் கருகியது, உள்ளே கிழங்கு அசையவில்லை. புளிப்பில் ஊறிய கிழங்கு லேசில் வேகுமா? ருசி பார்க்க வந்து உட்கார்ந்த மேலாளர் ஒரு துண்டைக் கடித்தார், நிறுத்தினார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கிழங்கு வேகலையே?”

“வெந்தா அது நோயாளிச் சாப்பாடுங்க. அங்கெல்லாம் கிழங்கு பல்லுக்குப் பதில் சொல்லணும்!”

“சொல்லிடுச்சு” என்று மேலாளர் எழுந்தார். வெளியே துப்பியதில் பாதிப் பல் இருந்தது.

அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. மறுநாள் கிழங்கை முக்கால் பதம் வேகவைத்து, பூண்டும் எண்ணெயும் புரட்டி ஓவனில் சிவக்கவிட்டு, வெளியே எடுத்த பிறகு எலுமிச்சையைப் பிழிந்தாள். தூக்குப் பாத்திரத்தோடு அச்சகத்துக்குப் போனவள், வேலையை வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள்.

சாயங்காலத்துக்குள் டீக்கடையில் பேச்சு மாறிவிட்டது. “மேலாளரே மறுபடி கேட்டனுப்பினார்னா, கைப்பக்குவம் யாரோடது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் கப்பல். அந்த வாய்க்கு ஒரு வெளியூர்க்காரர் ஏமாந்து, தன் விடுதிக்குச் சமையல்காரராக வரச் சொல்லிவிட்டார்.

வழியனுப்ப அக்கா வரவில்லை. அவளுக்கு அடுப்பில் வேலை. சின்னவள்தான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் நாக்கைத் தீட்டிக்கொண்டே போனாள். அதன்பிறகு அவரை உயிரோடு பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியாது.

கப்பல் படியில் ஏறினார். டிரைவர் ஹாரன் அடித்தும் மறுபடி கீழே இறங்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதோரம் குனிந்தார்.

“சின்னவளே, யார்கிட்டயும் சொல்லாத. எலுமிச்சைய முதல்ல ஊத்தணுமா, கடைசியிலயா?”