பாபகூராவில் ஒரு ட்ரினிடாட் சுதந்திர தினம்

1996ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. கிளென் ஈடனிலிருந்து பாபகூரா வரை நானும் மனைவி வசந்தியும் போய்வந்த ஒருநாள் பயணம் இது. நியூசிலாந்தின் ஆக்லாந்தை விட்டு வெளியே கால் வைக்காமலே ஒரு கரீபியன் தீவின் ஐந்நூறு வருடங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். விசாவும் தேவைப்படவில்லை.

வசந்தி வேலை செய்த முதியோர் இல்லத்தில் இந்திரா முன்சாமி என்ற ட்ரினிடாட்காரர் நர்ஸாக இருந்தார். தங்கள் சுதந்திர தினத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எனக்கும் அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. கிளென் ஈடன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாங்கவேண்டும் என்று வசந்தி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். சண்டை முடிந்ததும் யாழ்ப்பாணம் திரும்பப் போகிறவனுக்கு மோர்ட்கேஜ் கடன் எதற்கு என்பது என் கட்சி. "திங்கட்கிழமைக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி வேற ஆக்கள் வாங்கிப்போடுவினம்" என்று கெடு வைத்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு ரயில் ஏறினோம். நியூமார்க்கெட்டில் இறங்கித் தெற்கே போகும் ரயிலுக்கு மாறவேண்டும். நகரத்திலிருந்து பாபகூரா முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது. வழி நெடுக வசந்தி அந்த வீட்டின் சமையலறையைப் பற்றியே கதைத்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. தெருவில் ஒரு வீட்டு முன்றலில் மூங்கில் கம்புகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள் பறந்தன. வீடு விற்கும் ஏஜெண்டுகள் சனிக்கிழமைகளில் நட்டுவைக்கும் கொடிதான் என்று நினைத்துத் தலையைக் குனிந்தபடி விறுவிறென்று தாண்டிப் போனேன். "எங்க ஓடுறீங்கள்? இதுதான் வீடு!" என்று பின்னாலிருந்து வசந்தி கத்தினாள். ட்ரினிடாட் இந்துக்கள் பூசை முடிந்ததும் வாசலில் கொடி நடுவார்களாம். அனுமாருக்குச் சிவப்பு. இந்திரா விழுந்து விழுந்து சிரித்தார்.

சாப்பாடு பிரமாதம். பருப்பு அடைத்த ரொட்டி, பூசணிக்காய்க் கறி, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்ச் சம்பல். இந்திராவுக்குத் தமிழ் தெரியாது, கதைத்ததெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் முப்பாட்டனார் சென்னையில் கப்பலேறிய முனுசாமி.

சாப்பாட்டோடு இந்திரா தங்கள் தீவின் கதையையும் சொன்னார். கொலம்பஸ் வந்தது 1498இல். பிறகு ஸ்பெயின்காரர், அவர்கள் ஆட்சியிலேயே அடிமைகளோடு வந்து தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர், 1797இல் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர். அடிமைகள் விடுதலையானதும் கரும்பு வெட்ட ஆள் இல்லை. 1845இலிருந்து இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். ஆப்பிரிக்க வம்சத்தினர் மேளம் அடிக்கத் தடை வந்தது. அவர்கள் மூங்கிலைத் தட்டினார்கள், கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி ஒரு புது வாத்தியத்தையே உண்டாக்கினார்கள். எனக்குப் புல்லரித்தது. எப்படிப்பட்ட சனங்கள்!

இந்திராவின் அப்பா பிறந்தபோது இந்துக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. ஆகவே காகிதத்தில் அவர் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை. 1962இல் ஆங்கிலேயக் கொடி இறங்கிச் சொந்தக் கொடி ஏறியபோது, பக்கத்துவீட்டுக் கறுப்பினத்தவரைக் கட்டிப்பிடித்து அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாராம். ஏழு வயது இந்திரா பயந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்தாராம்.

"ஒப்பந்தம் முடிந்ததும் உங்கள் முப்பாட்டனார் ஏன் ஊர் திரும்பவில்லை?" என்று கேட்டேன்.

"திரும்பும் கப்பலுக்குப் பதிலாகக் காணி தந்தார்கள், வாங்கிக்கொண்டார்" என்றார் இந்திரா. "அவருடைய தம்பி மட்டும் கப்பலேறிப் போனார். மூன்று வருடத்தில் மறுபடி கூலியாகக் கையெழுத்துப் போட்டுத் திரும்பி வந்தார். ஊர் இருந்த இடத்திலேயே இருந்ததாம். அவர் இருந்த இடத்தில்தான் வேறு யாரோ இருந்தார்களாம்."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். வசந்தி என்னைப் பார்க்கவே இல்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள்.

இப்படியொரு வீட்டுக்கு அழைப்பு வந்தால் யோசிக்காமல் போங்கள். காலையில் அரைவயிறாகச் சாப்பிடுங்கள், ஆகஸ்ட் குளிருக்கு ஜாக்கெட் எடுங்கள். சனிக்கிழமையில் ரயில் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே விசாரித்துவிடுங்கள். சரித்திரத்தைக் கேட்கப் போகிறவர்கள் கொஞ்சம் திடமான மனதோடு போவதும் நல்லது.

திரும்பும் ரயில் பாபகூராவை விட்டு நகர்ந்ததும் சொன்னேன்: "திங்கட்கிழமை வரைக்கும் ஏன் பாத்துக்கொண்டிருப்பான்? இண்டைக்கே ஏஜெண்டுக்கு போன் பண்ணி, வாங்கிறம் எண்டு சொல்லு."

வசந்தி கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"அது நான் நேற்றே சொல்லிப்போட்டன். உங்கட கையெழுத்து மட்டும்தான் மிச்சம்."