பெரியப்பாவின் ஐஸ் தளம்

நோர்வேயிலிருந்து பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. லண்டன் லூயிஷாமில் மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் அம்மா அப்பாவோடு படுத்தேன். பெரியம்மாவும் அவர்கள் மகளான அக்காவும் ஏன் கூட வரவில்லை என்று கேட்டால், "அங்கை குளிர் கூட" என்பார் அப்பா. அதனால் பெரியப்பா குளிருக்குப் பயந்து ஓடி வந்தவர் என்றே நம்பியிருந்தேன். ஆனால் அந்த மார்கழியில் லண்டன் உறையத் தொடங்கியபோது, வீட்டில் சந்தோசப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

நோர்வேயில் அவர் இருந்த சிற்றூரில் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் ஐஸ் தளம் போட்டு நடத்துவார்களாம். அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இங்கே எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், வளையம் மட்டும் மிஞ்சிய ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. பெரியப்பா அதைச் சுற்றிப் பலகை அடித்து, இடுக்குகளில் பனியை மிதித்து இறுக்கினார். பராமரிப்பாளரிடம் நீளக் குழாயை வாங்கித் தண்ணீரை மெல்லிசாகப் பாய்ச்சுவார். அது உறைந்த பிறகு அதன் மேல் இன்னொரு தடவை. "ஒரேயடியா ஊத்தினா வெடிக்கும், பிள்ளை. பொறுமை வேணும்."

தளம் இறுகியதும் கட்டடத்தின் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். சறுக்குச் சப்பாத்து இருந்தவர்கள் அதோடும், இல்லாதவர்கள் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு மேல் காலுறை மாட்டிக்கொண்டும் வந்தார்கள். பழகாத சின்னவர்கள் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக எங்கள் குசினிக் கதிரை ஒன்று கீழே இறங்கியது. இரண்டாம் மாடி வெள்ளைக்கார அம்மா பெரிய சட்டியில் சூப் கொண்டுவந்தார். பெரியப்பா எல்லோருக்கும் நடுவில் நிற்பார். யாராவது விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கி, முழங்காலில் ஒட்டிய ஐஸைத் தட்டிவிட்டு, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்பார். ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் அதே தமிழ்தான். அவர்களும் விழும்போதெல்லாம் "ஒண்டுமில்லை" என்று கத்தப் பழகிவிட்டார்கள். அவர் என் பெரியப்பா என்பதில் எனக்கு இருந்த தலைக்கனத்துக்கு அளவில்லை.

அப்போதுதான் அக்கா வரும் செய்தி வந்தது. லண்டனிலேயே பிளேஸ்டோவில் ஒரு கல்யாணத்துக்குத் தாயோடு வந்திருந்தாள். அம்மா பலமுறை போனில் பேசிவிட்டுப் பெரியப்பாவிடம் சொன்னார்:

"ஒரு மணித்தியாலம்தான், அண்ணை. நான் பக்கத்திலை நிப்பன். அப்பிடியெண்டாத்தான் விடுவன் எண்டு சொல்லிப்போட்டா."

தன் மகளைப் பார்க்க ஒருவருக்கு ஏன் அனுமதி வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியம்மா பொல்லாதவர் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குள் குளிர் இளகத் தொடங்கிவிட்டது. அக்காவுக்காக ஐஸைக் காப்பாற்ற வேண்டும் என்று பெரியப்பா பிள்ளைகளை ஏறவிடாமல் திடலை மூடினார். விடியமுன் எழுந்து, வெடிப்புகளில் பனிக்கூழை அப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கறுப்புக் கோட்டோடு வந்தாள். பெரியப்பாவின் உயரம். அவர் ஒரு பையிலிருந்து வெள்ளைச் சறுக்குச் சப்பாத்துச் சோடி ஒன்றை எடுத்தார். அதை நான் அதுவரை கண்டதில்லை. அது என் காலுக்குத்தான் அளவாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு சுத்து, மகள்" என்று சொல்லி, ஈரத்தில் முழந்தாளிட்டு அவள் சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் கை நீட்டினார். அவள் சட்டென்று காலை இழுத்தாள். அவளுடைய கை முகத்துக்கு முன்னால் எழுந்து நின்றது.

"வேண்டாம் அண்ணை, எழும்புங்கோ" என்று அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

பெரியப்பா எழுந்தார். சிரித்துக்கொண்டே, பலகைக்கு வெளியே ஏங்கி நின்ற பிள்ளைகளைக் கைகாட்டி அழைத்தார். அவர்கள் பாய்ந்து ஏறினார்கள். ஒரு சின்னப் பெண் விழுந்தாள். அவர் ஓடிப்போய்த் தூக்கினார். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உமக்கு அவர் அடிக்கிறவரோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பெரியப்பாவோ? அவர் ஏசக்கூட மாட்டார்."

"ஓம். மற்ற ஆக்களின்ரை பிள்ளையளோடை அவர் எப்பவும் நல்லவர்தான்."

மணித்தியாலம் முடியுமுன்பே அம்மா அவளை ரயிலுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

அந்தச் சிற்றூரில், தளத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்த பெரியப்பா வேறு ஆள் என்று அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகு, அவரைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில். அக்கா வந்திருக்கவில்லை. எட்டு வயதில் அவளுடைய கை முறிந்திருந்தது. ஐஸில் விழுந்துவிட்டாள் என்று அவர் சொன்னாராம். ஐஸ் தளத் தலைவர் சொன்னதை அந்த ஊரில் யார் நம்பாமல் விடுவார்கள்?

அன்று எனக்கு இதொன்றும் தெரியாது. பின்னேரம் எல்லோரும் சாப்பிட இருந்தபோது பெரியப்பாவின் முகம் வாடியிருந்தது. அவரைச் சந்தோசப்படுத்த என்னிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது.

"பெரியப்பா, அக்கா உங்களை நல்லவர் எண்டு சொன்னவ. மற்ற ஆக்களின்ரை பிள்ளையளோடை நீங்கள் எப்பவும் நல்லவராம்."

அப்பா கையில் எடுத்த பிட்டைக் கோப்பையிலேயே போட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா எழுந்து கை கழுவிவிட்டுக் கீழே போனார்.

கொஞ்ச நேரத்தில் திடலிலிருந்து இரும்புச் சத்தம் கேட்டது. யன்னலுக்கு ஓடினேன். தூறலில் நின்று, மண்வெட்டியால் ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தார். துண்டுகள் பலகையில் பட்டுத் தெறித்தன. அக்கா புகழ்ந்த உற்சாகத்தில் பழையதை உடைத்துவிட்டுப் புதிதாகத் தளம் போடப்போகிறார் என்று நினைத்து, கண்ணாடியைத் தட்டித் தட்டி அவருக்குக் கை காட்டினேன்.