சீனி போடாத தேத்தண்ணி

குஞ்சியப்புவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகமல்ல, கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பைதான். டேனிஷ் நகரமான ஓல்போர்க்கில் கடலோரத்து மூடுபனி தெருவுக்குள் ஏறிவந்துவிடும் நாட்கள் உண்டு. அப்படியான நாளில் செபக்கூட்டம் நடக்கும் வீட்டின் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருப்பார். கோப்பையின் ஆவி எது, வெளியே நிற்கும் பனி எது என்று தெரியாது. ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பார். சீனியில்லாத தேத்தண்ணி அவருக்குப் பிடிக்காது.

குஞ்சியப்பு என் அப்பாவின் தம்பி. அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று அவர் மனைவி குஞ்சியம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கை நடுங்கினாலும், வேலைக்குப் போகாமல் படுத்தாலும், கலியாண வீட்டில் நடுவில் காணாமல் போனாலும் சீனிதான் காரணம். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கென்று தனிக் கோப்பை வரும். இல்லாத வருத்தத்துக்குப் பத்தியம் காத்த மனிதர் அவர். இருந்த வருத்தம் குடி.

அது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கொண்டாட்டங்களில் மண்டபத்துக்குள் பெண்கள் பலகாரம் பரிமாற, ஆண்கள் வெளியே போத்தல்கள் இருக்கும் ஒரு காரின் டிக்கியைத் திறந்துவைத்துச் சுற்றி நிற்பார்கள். வெள்ளிக்கிழமை ‘சுகமில்லாத ஒரு சகோதரனுக்காக மன்றாடுவோம்’ என்று கண்மூடிச் செபித்தவர்களே சனிக்கிழமை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சகோதரன் யாரென்று தெரிந்தும் குஞ்சியப்பு எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்லுவார். எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

வைலே நகரில் இருக்கும் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள். தகப்பன் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள். குடியை விட்டால் ஞானஸ்நானத்துக்கு வரலாம், விடாவிட்டால் பேரப்பிள்ளையைக் காட்டமாட்டேன் என்று டெலிபோனில் சொல்லிவிட்டாள். குஞ்சியப்பு விடுகிறேன் விடுகிறேன் என்றார். விடவில்லை. குஞ்சியம்மாவின் கை செபமாலையைக் கீழே வைக்கவில்லை.

குஞ்சியம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. அங்கே கூட வேலை செய்தவரை நாங்கள் கிரீன்லாந்து அக்கா என்போம். சூடு ஆறாத விரிப்புகளை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிப்பார்கள். ஒருநாள் அப்படி மடிக்கும்போது குஞ்சியம்மா அழுதுவிட்டார். அக்கா காரணம் கேட்க, டேனிஷில் அந்தச் சீனிக் கதை வாயில் வரவில்லையாம், உண்மையைச் சொல்லிவிட்டார். அக்காவும் குடித்துக் கெட்டு மீண்டவர். அவருடைய சனம் ஞாயிறு பின்னேரங்களில் இதற்காகவே கூடிச் செபிக்கிறதாம். அவர்களுடைய சபை வேறு, எங்களுடையது வேறு. என்றாலும் ஒருநாள் இரண்டு சனமும் சேர்ந்து செபித்தால் என்ன என்று அந்த இருவரும் விரிப்புக்கு மேலால் கதைத்து முடித்தார்கள்.

அந்தப் பின்னேரம் எனக்கு இன்றும் கனவு மாதிரித்தான். எங்கள் கோயிலின் கீழ்மண்டபம், வெளியே சத்தமில்லாமல் கொட்டும் பனி, மணி கோத்த தோளாடை அணிந்த கிரீன்லாந்துப் பெண்கள். அவர்கள் மெதுவாக, மிக மெதுவாகப் பாடினார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் உடம்பு தானாக ஆடியது. நாங்கள் தமிழில் பாடியபோது அவர்கள் வாய்மூடி எங்கள் ராகத்தை இழுத்தார்கள். எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாமல் போனது.

பிறகு அக்கா எழுந்து டேனிஷில் சொன்னார். “நான் குடிகாரி. என் பிள்ளைகள் வேறு வீட்டில் வளர்ந்தார்கள். இன்றைக்கு நான் குடிக்கவில்லை. நாளைக்கும் குடிக்காமல் இருக்க எனக்காகச் செபியுங்கள்.” எங்கள் ஆட்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். குடி என்ற சொல்லை நாங்கள் செபத்துக்குள் கேட்டதே இல்லை.

தேத்தண்ணி வந்தது. வழக்கம்போல நான் குஞ்சியப்புவிடம் அவருடைய தனிக் கோப்பையை நீட்டினேன். “சீனி போடு பிள்ளை,” என்றார்.

“அண்ணை, உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ,” என்றார் பக்கத்தில் இருந்தவர். டிக்கி திறக்கிறவர் அவர்தான்.

“எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. நான் குடிக்கிறனான். அதுக்குச் செபியுங்கோ.”

குஞ்சியம்மா சால்வையால் முகத்தை மூடினார். டிக்கிக்காரர் குஞ்சியப்புவின் தோளில் கைவைத்து, முதல் தடவையாகப் பெயர் சொல்லிச் செபித்தார். தமிழ் தெரியாத கிரீன்லாந்துச் சனத்துக்கு எப்படி விளங்கியதோ, மறுபடியும் பாடத் தொடங்கிவிட்டார்கள். நான் அழுதேன்.

ஒரே செபத்தில் குடி போய்விடவில்லை. மருத்துவமும் வேண்டியிருந்தது, இடையில் ஒருதரம் மறுபடி குடித்து விழுந்தும் எழும்பினார். இப்போதெல்லாம் இரண்டு சனமும் அடிக்கடி சேர்ந்தே செபிக்கின்றன. யாருக்கு என்ன என்று சொல்லியே செபிக்கிறோம். வைலேயில் ஞானஸ்நானத்தன்று ஒரு டிக்கியும் திறக்கவில்லை. கோயிலுக்குள் மகள் பிள்ளையை அவரிடம் நீட்டினாள்.

“வேண்டாம் பிள்ளை, கை நடுங்குது. விழுத்திப்போடுவன்.”

“நானும் பிடிக்கிறன், அப்பா,” என்றாள் அவள், தமிழில்.

பிள்ளைக்குக் கீழே அவர் கை, அவர் கைக்குக் கீழே அவள் கை. பூசை முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.