அரைநூலும் சாய்ந்த வேனும்

என் தங்கச்சி வீட்டுக்காரனை எங்கள் பட்டறைத் தெருவில் அரைநூல் என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் என்றால் துணி தைக்கிற நூல் இல்லை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல். அதிலும் பாதிக்காக ஒருத்தன் அடுத்தவன் உயிரை வாங்கினால் அவனுக்கு வேறு என்ன பேர் வைப்பது? மாப்பிள்ளையை அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும், தெரியும். கல்யாணமான முதல் வருஷம் சொன்னேன். ஒரே பட்டறையில் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் அது தானாகக் கழன்று விழுந்துவிட்டது.

பட்டறை என்னுடையது. லாரிக்கும் வேனுக்கும் அடியில் இருக்கிற பிளேட் ஸ்பிரிங் கட்டுகளைக் கழற்றி, உடைந்த பிளேட்டுக்குப் புதுசு அடித்து, வளைவு செத்துப்போனதற்கு மறுபடி வளைவு ஏற்றித் தருகிற வேலை. உலையும் சம்மட்டியும் என் பொறுப்பு. அளவு அவன் பொறுப்பு. எனக்குப் படிப்பு ஏழாவதோடு சரி. ஆனால் இரும்பு சிவந்திருக்கிற நிறத்தைப் பார்த்தே எண்ணெயில் போடலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவேன். அவன் அதற்கும் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஒட்டுகிறதா இல்லையா, ஒட்டாவிட்டால்தான் பதம் என்று பார்த்துவிட்டுத்தான் "சரி மச்சான், போடு" என்பான். அதற்குள் பிளேட் ஆறிப்போகும். மறுபடி உலை, மறுபடி ஊது.

முன்னே அவன் ஒரு ஸ்பிரிங் ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் சோதனை மேசையில் இருந்தவன். அங்கே காருக்குப் போடுகிற சுருள் ஸ்பிரிங். கம்பியைச் சுற்றி, காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடு காட்டி எடுத்ததும் அதைப் பிரஸ்ஸில் வைத்து, சுருளும் சுருளும் ஒட்டுகிற வரைக்கும் மூன்று தடவை அமுக்க வேண்டுமாம். புது ஸ்பிரிங் முதல் அமுக்கில் கொஞ்சம் உயரம் குறையும். மூன்றாவது அமுக்குக்குப் பிறகுதான் நிஜ உயரத்தில் நிற்கும். அதற்கப்புறம் அளந்தால்தான் அளவு. ஒரு நாள் ஃபோர்மேன் அவசரம் என்று ஒரே அமுக்கோடு அனுப்பச் சொல்லியிருக்கிறார். இவன் நானூறு ஸ்பிரிங்கில் ஒன்றுக்குக்கூட முத்திரை குத்த மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேலை போய்விட்டது. நேர்மையான ஆள் என்று என் தங்கச்சியைக் கொடுத்தேன். நேர்மை வேறு, நச்சரிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். ஒரு நாள் தங்கச்சி போன் போட்டாள்.

"அண்ணே, கட்டில் ஆடலைன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வெக்கிறதும், மேல டம்ளர்ல தண்ணி வெச்சுக் குனிஞ்சு பாக்கிறதும்... நான் எப்பண்ணே படுக்கிறது?"

நான் என்ன சொல்வது? "மெத்தையைக் கீழ போட்டுப் படும்மா" என்றேன்.

"தரையும் ஒரு பக்கம் சரிவா இருக்குன்னு சொல்றாருண்ணே."

இப்படிப்பட்ட ஆள் கையில் போய் மாட்டியது அந்த வேன்.

கிட்னி கெட்டுப்போனவர்களை வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய், திரும்ப வீட்டில் விடுகிற வேன் அது. ஏழு பேர். வண்டிக்குச் சொந்தக்காரி ஒரு அம்மா. ஓட்டுவது அந்த அம்மாவின் புருஷன். அவருக்குத் தெருவில் ஒல்லி என்று பேர். மனுஷர் கதவைத் திறந்து இறங்கினால் எதிர்க்கடை வாசல் வரைக்கும் நிழல் விழும், அதனால்தான் அந்தப் பேர். வேன்காரம்மா காதில் விழும்படி மட்டும் யாரும் சொல்வதில்லை. புருஷன் உடம்பைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால் அவன் குடும்பத்தையே இழுத்து வைத்து விசாரித்துவிடும் அந்த அம்மா.

"மெஷின்ல இருந்து எறங்கி வர்றவங்க உடம்பு கந்தல் மாதிரி இருக்குங்க. ஒரு குழியில விழுந்தா ஆளாளுக்கு அலறறாங்க. வண்டியைக் கொஞ்சம் மெத்துனு பண்ணிக் குடுங்க" என்று ஒல்லிதான் கேட்டார்.

அரைநூல் நாலு சக்கரத்து ஸ்பிரிங் கட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு பிளேட்டை எடுத்துவிட்டு, மிச்சப் பிளேட்டுகளுக்கு நான் வளைவு ஏற்ற, அளந்து மாட்டினான். வண்டி தொட்டில் மாதிரி ஆகிவிட்டது. ஏழு பேரும் சந்தோஷம். அந்த வாரமே வருஷாந்திரத் தகுதிச் சான்றுக்கு வண்டி போனது. உள்ளே வரும்போதே இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தி, 'ஓட்டுநர் பக்கம் சாய்கிறது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பத்து நாள் கெடு. அதற்குள் சான்று வாங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த ஓட்டத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு இருப்பது அந்த ஒரு வண்டி, அந்த ஒரு ஓட்டம்.

வண்டி பட்டறைக்கு வந்தது. ஒல்லி இறங்கி ஓரமாக நின்றார். அரைநூல் முன்பக்கக் கட்டு இரண்டையும் கழற்றினான். பெரிய பிளேட்டின் இரண்டு முனையிலும் சுருட்டின கண் இருக்கும். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குக் கயிறு இழுத்துக் கட்டி, நடுவில் ஆழம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வளைவின் அளவு. இரண்டிலும் நாலு அங்குலம் இரண்டு நூல். மயிரிழை வித்தியாசம் இல்லை. மாட்டினோம். சக்கரத்துக்கு மேலே டேப் வைத்தான். இரண்டு பக்கமும் சமம்.

மறுநாள் வேன்காரம்மா போன். "சாயுதுங்க."

மறுபடி வந்தது, மறுபடி கழற்றினோம், மறுபடி சமம். மறுநாள் போன், "சாயுதுங்க." மூன்றாவது தடவை வந்தபோது நான் ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

"மாப்ள, அந்தம்மாவுக்குக் கண்ணு கோணலா, உன் டேப்பு கோணலா?"

"டேப்பு சரியாத்தான் இருக்கு மச்சான். எனக்கென்னவோ நம்ம தரை மேலதான் சந்தேகம்."

"தரையா? தரையையும் கழட்டிக் காய்ச்சி அடிக்கவா?"

அவன் நிஜமாகவே தரையில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெறுத்துப்போய் வெளியே வந்து டிரம்மில் முகம் கழுவினேன். அப்போது வண்டியைச் சாலையோரம் தள்ளி நிறுத்த ஒல்லி ஏறினார். வண்டி ஒரு பக்கம் தூங்கி விழுகிற மாதிரி இறங்கியது. நிறுத்திவிட்டு இறங்கினார். பெருமூச்சு விட்டு எழுந்தது.

எனக்கு முகத்தில் சோப்பு. அப்படியே நின்றேன்.

"யோவ் மாப்ள! ஓடி வா இங்க! அண்ணே, நீங்க ஏறுங்க. ம், எறங்குங்க. இன்னொரு தடவை ஏறுங்க."

"என்னப்பா, வித்தை காட்டவா வந்தேன்?" என்று ஒல்லி முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

அரைநூல் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஸ்பிரிங் சமமாத்தான் இருக்கு மச்சான்."

"ஸ்பிரிங் சமம்தான்யா! ஏறுற ஆளு சமமில்லையே!"

"யாரைச் சொல்றீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேன்காரம்மா.

அதற்கப்புறம் அந்த அம்மா எனக்குக் கொடுத்ததை எழுத முடியாது. எழுதினால் தாள் கருகும். ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. முன்னே பிளேட் கனமாக இருந்தபோது ஒல்லியின் எடை அதற்கு ஒரு பொருட்டில்லை. மெத்தென்று ஆக்கினோம், எடை தெரிய ஆரம்பித்தது. ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கிப் பார்த்த மகராசன், வண்டியில் ஆளை உட்கார வைத்து ஒரு தடவை அளந்திருக்கக் கூடாதா? கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்.

"அவரு பக்கம் வளைவைக் கூட்டிடலாம்" என்றேன்.

அரைநூல் முகம் சுண்டிப்போனது. "ஜோடியைக் கோணலா அடிக்கச் சொல்றியா? என் கையால அப்படி ஒரு ஜோடி வெளிய போனதில்ல மச்சான்."

"நீயும் என் தங்கச்சியும் ஒரே உயரமா? அதுக்காக நீங்க ஜோடி இல்லைன்னு ஆயிடுமா?"

அவன் டேப்பை இழுத்து இழுத்து விட்டான். பிறகு, "எவ்வளவு கூட்டணும்னு தெரியணுமே. அவரு எடை வேணும்" என்றான்.

எதிரில் பழைய இரும்புக் கடையில் பெரிய தராசு இருக்கிறது. கேட்டதும் ஒல்லி கன்னம் துடித்தது. "பழைய இரும்போட சேத்து என்னையும் நிறுக்கப் போறீங்களா? முடியாது." வேன்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். அதற்கு மேல் யார் கேட்பது?

கடைசியில் அரைநூல்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒல்லியைச் சீட்டில் உட்கார வைத்து, சக்கரத்துக்கு மேலே தகடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு குச்சியில் சாக்பீஸால் கோடு போட்டான். அவரை இறக்கிவிட்டு, உடைந்த லாரி பிளேட் துண்டுகளைத் துணி விரித்து அதே சீட்டில் ஒவ்வொன்றாக அடுக்கினான். அந்தக் கோட்டுக்கு வண்டி இறங்குகிற வரைக்கும். வேலை முடிகிறவரை அந்த இரும்புதான் டிரைவர். பத்து துண்டு, பதினைந்து துண்டு. நான் தூக்கித் தூக்கிக் கொடுத்து இடுப்பு போயிற்று. இருபத்திரண்டாவது துண்டில் கோடு சரியாக நின்றது.

ஒல்லி தன் சீட்டில் மலை மாதிரி கிடந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் இவ்வளவா?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. வேன்காரம்மா புடவை முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இரும்பு கனமா இல்லாம என்ன பண்ணும்?" என்றார். அது எந்த ஊர் கணக்கோ எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்துக் கட்டைப் பிரித்தோம். காய்ச்சினேன், அடித்தேன், எண்ணெயில் போட்டேன், மறுபடி சூடு காட்டி ஆறவிட்டேன். அவன் கயிறு பிடித்தான். ஒரு பக்கம் நாலு அங்குலம் இரண்டு நூல், ஓட்டுநர் பக்கம் நாலு அங்குலம் ஏழு நூல். மாட்டினதும் இரும்பு டிரைவரோடு வண்டி மட்டமாக நின்றது. அரைநூல் மட்டும் அந்தக் கட்டின் பக்கமே திரும்பவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவன் மாதிரி இருந்தான்.

கெடுவின் கடைசி நாள் காலை நாங்கள் நாலு பேருமே போனோம். வண்டி நேராக உள்ளே போனது. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. உடனே அந்த மனுஷர் டேப்பை எடுத்துக்கொண்டு, "டிரைவர், எறங்குய்யா" என்றார்.

ஒல்லி இறங்கினார். வண்டி அந்தப் பக்கம் ஓணான் தலையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டது.

"என்னய்யா இது? போன தடவை இந்தப் பக்கம் சாஞ்சுது, இப்ப அந்தப் பக்கம் சாயுது. விளையாடறீங்களா?"

வேன்காரம்மா முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அரைநூல் முன்னால் போய் நின்றான். இரண்டு நாளாக எவன் இதைக் கோணல் என்று குமைந்தானோ அவனே.

"சார், இது சரியா இருக்கு."

"கண்ணுக்குத் தெரியுதேய்யா கோணல்!"

"ஆள் இல்லாத வண்டி சார் அது. ஆள் இல்லாம ரோட்டுல ஓடுமா? அவரு ஏறினப்புறம் டேப் வெச்சுப் பாருங்க. அப்பவும் வித்தியாசம் இருந்தா நானே கழட்டிட்டுப் போறேன்."

"அவரு ஒருத்தருக்காகவா ஸ்பிரிங் அடிப்பீங்க? அப்படி என்ன எடை?"

நான் தரையைப் பார்த்தேன். அப்போது ஒல்லி கதவைப் பிடித்துக்கொண்டு, கணீரென்று சொன்னார்.

"நூத்தி முப்பத்தாறு கிலோ சார். ஆஸ்பத்திரி எடை மெஷின்ல வாரா வாரம் பாக்கறேன்."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி மட்டமாக இறங்கியது. இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கமும் டேப் வைத்தார், மறுபடி வைத்தார், பேனாவால் காதைச் சொறிந்தார். 'ஓட்டுநருடன் அளந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேன்காரம்மா அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அழுதார். ஏழு பேரை ஏற்றப் போக நேரமாகிவிட்டது என்று அழுதுகொண்டே அதட்டினார்.

எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. "ஏண்ணே, எடை தெரிஞ்சிருந்தும் அன்னைக்குச் சொல்லலியா? இருபத்திரண்டு துண்டு தூக்கினேனே!"

"நீங்க தராசுல ஏறுன்னுதானே சொன்னீங்க? எவ்வளவுன்னு யாருமே கேக்கலையே" என்றார் ஒல்லி, சாவகாசமாக கியர் போட்டபடி.

பின் சீட்டில் அரைநூல் விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பாதி வழியில் தலையை நிமிர்த்தினான்.

"மச்சான், அந்தத் துண்டெல்லாம் நீள அகலக் கணக்குல சேத்து நூத்தி முப்பத்திமூணு கிலோதான் வருது. மூணு கிலோ உதைக்குது. நாளைக்கு வண்டியை ஒரு மணி நேரம் விட்டா..."

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

இறங்கிப் பட்டறைக்கு நடந்தே போனேன்.