பேசாப் படத்துக்குப் பேசிய அக்கா

“...ஆனா இவர் வாசிச்சபடியாலதான் எனக்கே கதை விளங்கினது” என்றார் சலவைப் பகுதி அக்கா, அத்தனை பேருக்கும் முன்னால், தன் உடைந்த ஜெர்மனில். திரைக்குப் பக்கத்தில் தாள்களோடு நின்ற எனக்குக் காது சுட்டது.

சுவிஸின் ஓல்டன் நகரில் நாங்கள் இருவரும் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், போன மாரியில் நடந்தது இது. மனிதனைச் செய்யப்போய்ப் பூதத்தைச் செய்துவிட்ட மாணவனின் கதை. ஜெனீவா ஏரிக்கரையில் பிறந்த நாவல் என்பதால் எங்கள் முதியவர்களுக்கு அது உள்ளூர்ப் பேய். அதை வைத்து அந்தக் காலத்தில் எடுத்த பேசாப் படத்தைப் போட ஏற்பாடு. இடையிடையே திரையில் வரும் எழுத்துகளை ஒருவர் உரக்க வாசிக்கவேண்டும். “நல்லா வந்தால் இனிப் புதன்கிழமை நிகழ்ச்சிகள் உங்களுடையவை” என்றார் பொறுப்பாளர். பதினேழு வருடம் ஆட்களைத் தூக்கி நிமிர்த்திய முதுகுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை! வகுப்புக்குப் போகாமல், பஸ்ஸிலும் சமையலறையிலும் வாயாடியே பிடித்த ஜெர்மன் என்னுடையது. ஒரு கிழமை ஒத்திகை பார்த்தேன்.

எழுத்துகளைப் பிசகாமல் வாசித்தேன். ஆனால் அவற்றுக்கு நடுவே கிடந்த நீண்ட மௌனத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. “இப்ப என்ன நடக்குது?” என்று பார்வை மங்கிய ஒரு சுவிஸ் அம்மா கேட்டார். நான் தாளைப் புரட்டுவதற்குள், பக்கத்தில் இருந்த அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: “தன்னைச் செய்தவருக்குக் கலியாணம். இவன் ஒளிச்சு நிண்டு பாக்கிறான். கோவம் இல்லையம்மா, எரிச்சல். அவரை அந்தப் பொம்பிளை பறிச்சுப்போட்டாள் எண்டு.”

மண்டபமே அக்கா பக்கம் சாய்ந்தது. நான் குரலை உயர்த்தி அடுத்த எழுத்தை வாசித்தேன். “ஷ்ஷ்!” என்று ஒரு தாத்தா என்னை அடக்கினார்.

“பொறாமைக்காரனுக்குப் பாயாசமும் கைக்கும்” என்பார் என் அம்மா. அக்கா எனக்கும் சேர்த்துப் பாணும் சம்பலும் கட்டி வருகிற மனுஷி. அன்று அவருடைய ஜெர்மன் பிழைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்று வந்தது. அப்போது பூதம் கண்ணாடிக்கு முன்னால் போனது. “ஐயோ, தன்ரை முகத்தைப் பாத்துத் தானே பயப்பிடுறான்” என்றார் அக்கா. எண்ணுவதை விட்டேன்.

விளக்குப் போட்டதும், இனி யார் செய்யட்டும் என்று பொறுப்பாளர் கேட்டார். கைகளெல்லாம் அக்கா பக்கம் நீண்டன. அப்போதுதான் அக்கா எழும்பி, நான் வாசித்தபடியால்தான் கதை விளங்கியது என்று சொன்னது. தோற்றது கூடப் பரவாயில்லை, அந்த நல்ல மனம்தான் சுட்டது. இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. “தனியச் செய்யச் சொன்னா நான் மாட்டன்” என்று பொறுப்பாளரிடம் முடித்துவிட்டு, தமிழுக்கு மாறி, “என்ன தம்பி, மரம் மாதிரி நிக்கிறியள்?” என்று கேட்டபடி, தன் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.