இரண்டு கரண்டி அரிஷ்டமும் ஒரு சிவப்பு விளக்கும்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6.12. ஜெர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வானுக்குள் இருந்து மூச்சைச் சோதிக்கும் கருவியில் ஊதினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வான் இயங்கவில்லை. அன்று நான் ஒரு துளி மதுவும் தொட்டிருக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, சபையில் இதுவரை மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளும் நேரமும் என் குறிப்பேட்டில் உள்ளபடியே. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 22 ஆம் திகதி, பெல்ஜியத்தில் மச்சான் வீட்டுக் கொண்டாட்டத்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டேன். யாருக்கும் அடிபடவில்லை. அது என் கெட்டித்தனம் அல்ல.

அந்த நாட்டு நீதிமன்றம் தண்டமும், சில காலம் வண்டி ஓட்டத் தடையும் விதித்தது. தடைக்காலம் முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு, மூச்சில் மது இருந்தால் இயங்கவிடாத பூட்டுக் கருவி உள்ள வண்டியை மட்டுமே அங்கே ஓட்டலாம் என்றது. ஜெர்மன் லைசென்ஸ் வைத்திருக்கும் வெளிநாட்டவன் என்று எனக்கு விலக்கு இல்லை. என் வேலையோ வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்க் கடைக்கு மரக்கறி ஏற்றி வருவது. முதலாளி அண்ணை பெரிய மனது வைத்து வானில் கருவியைப் பொருத்த விட்டார். ஒவ்வொரு ஊதலும் அதில் பதிவாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்குள்ள மேற்பார்வை அலுவலகம் அதைப் பார்க்கும். மது காட்டியிருந்தால் நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும். பிறகு அங்கே ஓட்ட முடியாது. வேலையும் இல்லை.

மனைவி வசந்தி கீழே வந்தாள்.

"என்னப்பா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

சிவப்பு விழுந்துவிட்டது என்றேன். அவள் குனிந்து என் வாயை மணந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"திரும்பவும் தொடங்கிட்டியளோ?"

"இல்லை வசந்தி. தொடவே இல்லை."

"போனமுறையும் இப்பிடித்தான் சொன்னனீங்கள்."

உண்மை. அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவள் படியேறிப் போய்விட்டாள். வேலை போவதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். எனக்கு அழகாக ஜெபிக்க வரவில்லை. "ஆண்டவரே, நான் பொய்யன்தான். ஆனால் இன்றைக்குப் பொய் சொல்லவில்லை. அது உமக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கும் தெரியப்படுத்தும்" என்றேன். அவ்வளவுதான்.

கதவு திறந்தது. வசந்தி கையில் ஒரு போத்தல். மூன்று நாளாக எனக்கு இருமல். தமிழ்க்கடையில் வாங்கிய அரிஷ்டத்தில் இரண்டு கரண்டியை, நான் வெளிக்கிடும்போது அவள்தான் தந்திருந்தாள். மருந்து நொதிக்கும்போது தானாக உண்டாகும் மதுசாரம் அதில் இருப்பதாக, போத்தலில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"நான்தான் உங்களுக்குப் பருக்கினனான்" என்றாள். "மருந்துக்குள்ள சாராயம் இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? இந்தாங்கோ, தண்ணி. நல்லாக் கொப்பளியுங்கோ."

கொப்பளித்தேன். இருவரும் வானுக்குள் காத்திருந்தோம். 6.41க்குத் திரும்ப ஊதினேன். பச்சை.

ஆனால் சிவப்பு பதிவாகிவிட்டது. முதலாளி அண்ணை யோசித்துவிட்டு, "வாய் கழுவுற மருந்தெண்டு சொல்லு. அரிஷ்டத்தை அவைக்கு விளங்கப்படுத்த ஏலாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஆசை வந்தது. மேற்பார்வை அலுவலகம் குறித்துத் தந்த டெர்மினுக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வசந்தியின் முகம்தான் முன்னே வந்தது.

ஏப்ரல் 7, திங்கட்கிழமை. அந்த அலுவலகத்தில் போத்தலை மேசையில் வைத்து நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அங்கிருந்த அலுவலர் அம்மா போத்தலைத் தொடவும் இல்லை. திரையில் நேரங்களை மட்டும் பார்த்தார். குடித்தவனின் இரத்தம் இருபத்தொன்பது நிமிடத்தில் சுத்தமாகாது, இது வாயில் தங்கிய மதுதான் என்றார். அப்படியே குறித்துக்கொண்டு, இனி எந்த மருந்தையும் மது இருக்கிறதா என்று கேட்டுக் குடியுங்கள் என்று எச்சரித்து அனுப்பினார். என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் பயந்த பதிவையே எனக்குச் சாட்சியாக ஆண்டவர் நிறுத்தியிருந்தார்.

ஒரு வருடம் முடிந்து கருவியைக் கழற்றிவிட்டார்கள். நான் அதன்பிறகும் குடிக்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி. சந்தேகப்பட்டுக்கொண்டே மேலே போய்ப் போத்தலை எடுத்துப் பார்த்த வசந்திக்கும் நன்றி.

என்னைப் போல எதையாவது மறைத்துக்கொண்டு யாராவது இங்கே இருக்கலாம். அன்று வானுக்குள் எனக்கு விசுவாசம் இருக்கவில்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே உண்மையைச் சொன்னேன். ஆண்டவர் அதைக் கேட்டார். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.